பத்து பத்திலிருந்து பதினொன்றரை வரை

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்று தலைவலி, ஒரு சூடு, ஒரு ஊசிக் குத்து. தலைவலிகளுக்கு ஆளுக்கொரு மாத்திரை. ஊசிக் குத்துக்கு பிளாஸ்டர். இஸ்திரிப் பெட்டியில் கையைச் சுட்டுக்கொண்டவளுக்குக் களிம்பு தீர்ந்துபோயிருந்ததால் பற்பசை தடவி அனுப்பினேன். "டாக்டரம்மா கை பட்டாலே பாதி சரியாயிடும்" என்றாள். ஐஸ் வைக்கிறாள் என்று தெரியும். இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு நின்றவளைத் தையல் கம்பெனியில் ஒரு மாடி முழுக்க டாக்டரம்மா என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

மூன்று தலைவலியில் ஒன்று ரேடியோவுடையது. ரேடியோ என்பது நாங்கள் வைத்த பெயர். செக்கிங் மேசையில் சட்டைகளில் நூல் பிசிறு பார்த்து வெட்டுகிறவள். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் பஸ் ஏறும் வரை மூட மாட்டாள், ஆனால் கை ஒரு நிமிடம் நிற்காது. பதினோரு வருடப் பழக்கம். "பிடரியெல்லாம் இழுக்குதுக்கா, கண்ணு வேற மங்கலா வருது" என்றாள். "நீ பேசறதைக் கேட்டு எங்களுக்கு வர வேண்டிய தலைவலிடி அது, தப்பா உனக்கு வந்துடுச்சு" என்றேன். ஒரு மாதமாகவே அவளுக்கு என் முதலுதவி டப்பாவிலிருந்துதான் மாத்திரை போகிறது.

மார்ச் 4, புதன்

சட்டைகளை ஏற்றிப்போகும் கண்டெய்னர் சனிக்கிழமை என்றிருந்தது, வெள்ளி பன்னிரண்டு மணிக்கே வருகிறதாம். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. சூப்பர்வைசர் என்ற பட்டத்தைச் சுமப்பவள் நான், எனவே எல்லா வசவும் முதலில் எனக்கு.

மார்ச் 6, வெள்ளி

ரேடியோவுக்கு வேலை நேரத்தில் உடம்பு முடியாமல் போய்விட்டது. பக்கவாதம் என்கிறார்கள். பதினொன்றரைக்கு ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, நானும் மேனேஜரும் கூடவே போனோம். முதல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்று மணிக்கு மருந்து ஏற்றினார்கள். உயிருக்கு ஆபத்தில்லையாம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருக்கின்றன. அவள் வீட்டுக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். நான் பதறாமல் சமாளித்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கண்டெய்னரும் நேரத்துக்குப் போய்விட்டது.

மார்ச் 7, சனி

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வரிவரியாகப் பார்த்தால் எல்லாம் நடந்ததுதான். மொத்தமாகப் பொய். இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள்? இதிலுமா நான் நல்ல பேர் வாங்க வேண்டும்?

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மணி பத்து பத்து. தேநீர் முடிந்து மணியடித்து எல்லோரும் அப்போதுதான் உட்கார்ந்தார்கள், அதனால் நேரம் எனக்கு நிச்சயம். ரேடியோ கையிலிருந்த நூல் கத்தரி கீழே விழுந்தது. எடுத்தாள், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை அதை எடுக்காமல் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொன்னாள். வார்த்தை குழறியது. நான் என்ன சொன்னேன்? "என்னடி, காலைலயே ஏத்திட்டு வந்துட்டியா?" என்றேன். மேசை மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

வாயின் வலது ஓரத்தில் எச்சில் வழிந்தது. என் கைக்குட்டையால் நானே துடைத்துவிட்டேன். இந்தக் கையால்தானே துடைச்சேன், வாய் கோணியிருக்குன்னு தெரியலையே எனக்கு!

காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள், மயக்கம் என்று நானே முடிவு கட்டினேன். சோடா வாங்கிவரச் சொல்லி வாயில் ஊற்றினேன். புரையேறி, கண் சிவந்து இருமினாள். "மெதுவா குடி, யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க" என்றேன். இரண்டு பேராகப் பிடித்து ஓய்வறைப் பெஞ்சில் படுக்க வைத்தோம். இடது கையால் என் முந்தானையைப் பிடித்தாள், விடவில்லை. "கொஞ்ச நேரம் தூங்கு, சரியாயிடும். எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு" என்று அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

கூட வந்தவள், "ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிடலாமாக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. இல்லை — புத்தி இருந்தது. கண்டெய்னர் வரும் நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தால் வேலை நின்றுவிடும் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் வருடக்கணக்கில் சொல்லிச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் விட, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டுவிட்டால்? எனக்கு ஒன்றுமே தெரியாதே. "எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுச்சு?" என்று அதட்டி அவளை வேலைக்கு அனுப்பினேன்.

பதினொன்று இருபத்தைந்துக்குத்தான் போய்ப் பார்த்தேன். கண் திறந்தே இருந்தது. பெஞ்சு நனைந்திருந்தது. அப்போதுதான் கத்தினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" ஒரு பக்கம் மேனேஜர், மறுபக்கம் ரேடியோவின் வீட்டுக்காரர். "பதினொன்றரை" என்றேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து, "அப்போ நேரம் இருக்கு, ஏத்திடலாம்" என்று உள்ளே போனார். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது என்று எழுதத்தான் நினைத்தேன். அதுவும் பொய். யோசித்துத்தான் சொன்னேன். கம்பெனி விபத்துப் பதிவேட்டிலும் அதே மணியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஒவ்வொரு மாடிக்கும் ஒரு முதலுதவியாளர் இருக்க வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பு சட்டை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி கேட்டது. கேன்டீனில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். எங்கள் இடத்தில் எந்தப் பயிற்சியும் ஒரே மாதிரிதான் நடக்கும். காலையில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். நான்கு மாடிக்கும் சேர்த்து ஒரு புதுப் பெண்ணை உட்கார வைப்போம். வேலை பழகாதவள், மேசையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று. அன்றும் அப்படி ஒருத்தி உட்கார்ந்தாள், சாயங்காலம் அவளே நான்கு விடைத்தாளையும் நிரப்பினாள். படம் எடுக்க மட்டும் தலையைச் சீவிக்கொண்டு போனேன். அந்தப் பெண் மூன்றாம் மாதமே வேலையை விட்டுப் போய்விட்டாள். தெரிந்த ஒருத்தியும் போனாள், கையெழுத்துப் போட்டவர்கள் மிச்சம்.

மாட்டியிருக்கிறார்கள் என் படத்தை, மாடிப்படி ஏறியதும் கண்ணில் படுகிற மாதிரி. அவசரத்துக்கு இவரை அணுகவும்.

மார்ச் 9, திங்கள்

காலைக் கூட்டத்தில் மேனேஜர் என்னை முன்னால் கூப்பிட்டு நற்சான்றிதழ் கொடுத்தார். "ஒரு நிமிஷம் தாமதிக்காம செயல்பட்டாங்க. எல்லாரும் இவங்களைப் பார்த்துக் கத்துக்கணும்." கைதட்டினார்கள். போன் பண்ணலாமா என்று கேட்டவளைத் தேடினேன். அவளும் தட்டினாள். என்னைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக.

சான்றிதழைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். அங்கே இருப்பது உறுத்தியது. எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மார்ச் 12, வியாழன்

என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாளெல்லாம் முப்பது பிள்ளைகள் சத்தத்தில் இருப்பதால் வீட்டில் அதிகம் பேச மாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். எனக்குத் தெரியுதே. எனக்குத் தெரியுதேன்னு நான் கத்தினதுல அடுத்த வீட்டு ஜன்னல் திறந்துச்சு.

மார்ச் 15, ஞாயிறு

இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்தால் கேட்பார்களே என்றுதான் போனேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

ரேடியோவைத் தலையணைகளுக்கு நடுவே சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முகத்தின் ஒரு பாதி அவளுடையது, மறுபாதி யாருடையதோ. அவள் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர், பஸ் நிலையத்துக்கு எதிரே சின்னக் கடை. கடையைப் பூட்டிவிட்டு ஒன்பது நாளாக அவள் காலடியிலேயே உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பக்கத்துக் கட்டில்காரர்களிடம், "இந்த அக்காதான் காப்பாத்துனாங்க. பதினொன்றரைக்கு வந்துச்சு, வந்த நிமிஷமே தூக்கிட்டு ஓடியாந்துட்டாங்க" என்றார்.

ரேடியோ தலையை ஆட்டினாள். இல்லை என்று. இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தாள். மூடினாள். மறுபடி ஐந்து.

"பத்து மணி மாத்திரை குடுத்தாச்சும்மா" என்றார் அவர்.

மறுபடியும் ஐந்து. ஐந்து. அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். கண் மட்டும் அன்றைக்குப் பெஞ்சில் இருந்த மாதிரியே இருந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மேசை சிரித்தது கேட்டிருக்கிறது, நான் கதவைச் சாத்தியது கேட்டிருக்கிறது. ஓய்வறைச் சுவரில், பெஞ்சுக்கு நேர் எதிரே, இவ்வளவு பெரிய கடிகாரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

"எண்ணிக்கையெல்லாம் வருது பாருங்கக்கா, புத்தி நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொன்னார்" என்று பூட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். பஸ் வந்துவிடும் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 18, புதன்

மடித்த சட்டைகளை எண்ணும்போது ஐந்து வந்தால் கை நின்றுவிடுகிறது.

மார்ச் 22, ஞாயிறு

தீயணைப்பு நிலையத்தின் பின்கூடத்தில் ஞாயிறுதோறும் முதலுதவி வகுப்பு, அனுமதி இலவசம் என்று பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்தார்கள். போனேன். பதினான்கு பேர், நான்தான் வயதில் மூத்தவள். சொல்லிக்கொடுப்பவள் ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் பெண், என் தங்கை மகள் வயது இருக்கும். எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் என்றேன். பொய் சொல்லாமல் ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது போலிருக்கிறது.

"சிரிக்கச் சொல்லுங்க. ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க. ஒரு வரி பேசச் சொல்லுங்க. இதுல ஒண்ணு சரியில்லன்னாலும் போன் பண்ணுங்க. வாயில எதையும் ஊத்தாதீங்க, பச்சைத் தண்ணி கூட வேணாம். முக்கியமா, மணியைப் பாருங்க." பக்கவாதம் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

மணி எதற்கு என்று ஒருவர் கேட்டார். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள்தான் ஏற்றுவார்களாம். "அதைத் தாண்டி ஏத்தினா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு ஆளே போயிடலாம். அதனால டாக்டர் முதல்ல மணியைத்தான் கேப்பார். தப்பா சொல்றதுக்கு, தெரியாதுன்னு சொல்லிடுங்க. எவ்வளவோ மேல்."

பத்து பத்தோடு நாலரையைக் கூட்டினேன். இரண்டு நாற்பது. மறுபடி கூட்டினேன். மருந்து ஏற்றியது மூன்று மணிக்கு.

நேரம் இருக்கு, ஏத்திடலாம் என்றாரே! நான் சொன்ன மணியை நம்பித்தானே சொன்னார்?

அதன் பிறகு ரப்பர் பொம்மை. தரையில் முட்டி போட்டு, மார்பு நடுவில் உள்ளங்கையை வைத்து, தோளை நேராக்கி அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு நூறுக்குக் குறையாமல், இரண்டு அங்குல ஆழம். என் முறை வந்தபோது அழுத்த ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. "போதும்மா, அடுத்தவங்க செய்யட்டும்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு அழுதேன். எல்லோரும் என் வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

சூட்டுக்குப் பற்பசை தடவக் கூடாதாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டுமாம். நான் எத்தனை கையில் தடவியிருக்கிறேன்? பிடரி வலி, மங்கல் பார்வை என்று ஒரு மாதமாகச் சொன்னால் முதலில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமாம். அந்தக் கருவி என் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

நேற்றிலிருந்து நான் படும் பாட்டைப் பார்த்து என் வீட்டுக்காரரே, "நீயும் தூங்கல, என்னையும் தூங்க விடல. போய்ச் சொல்லித் தொலை" என்றார். அரை நாள் லீவு போட்டு டாக்டரைப் பார்க்கப் போனேன். இரண்டு மணி நேரம் வரிசை. உள்ளே போய் நின்றவாறே சொன்னேன், உட்காரத் தோன்றவில்லை.

டாக்டர் திட்டவில்லை. கோப்பை வரவழைத்து, பழைய மணியை அடித்து, புது மணியை எழுதினார். "உண்மையான மணி தெரிஞ்சிருந்தா அந்த மருந்தைத் தொட்டிருக்க மாட்டேன். கசிஞ்சிருந்தா அவங்க இன்னைக்கு உயிரோட இல்ல. கசியல" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "என்னை எதுக்குக் கும்பிடறீங்க? இது நான் செஞ்சதும் இல்ல, நீங்க செஞ்சதும் இல்ல. அவங்க வீட்ல சொல்லிட்டீங்களா?" என்றார்.

சீக்கிரம் வந்திருந்தால் கையும் பேச்சும் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாது. வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்" என்றார்.

மார்ச் 25, புதன்

பூட்டுக்கடை. ரேடியோவை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள், அவள் தங்கை வந்து பார்த்துக்கொள்கிறாள். அவர் கடையைத் திறந்திருந்தார். சாவி ஒன்றை இடுக்கியில் மாட்டி அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். "வாங்கக்கா" என்று எழுந்தவரை உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பத்து பத்து. சிரித்தது. சோடா. முந்தானை. கதவு. பதினொன்றரை என்ற பொய். விடைத்தாள். எதையும் விடவில்லை. டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

அரம் நின்றது. "அவ உங்ககிட்ட எதாவது சொன்னாளா, அப்போ?" என்றார்.

"சொல்லப் பாத்தா. நான்தான் சிரிச்சேன்."

அவர் மறுபடி ராவ ஆரம்பித்தார். அளவு தாண்டியும் ராவிக்கொண்டே இருந்தார், சாவியின் பல் முழுதும் மழுங்கிப்போனது. அதைக் கழற்றிக் குப்பையில் போட்டார். வேறொன்றை மாட்டினார். ஏசுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். தலை நிமிராமல், "போங்க" என்றார். போயிட்டு வாங்க என்றில்லை. போங்க.

பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

மேனேஜரிடம் பதிவேட்டைத் திருத்த வேண்டும் என்றேன். கதவைச் சாத்தச் சொன்னார். "உங்களுக்கு என்ன ஆச்சு? அடுத்த மாசம் தணிக்கை. எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்." பயிற்சியில் உட்காரவே இல்லை என்பதையும் சொன்னேன். "யார்தான் உட்கார்ந்தாங்க?" என்று கேட்டுவிட்டார். கேட்டபின் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, பேனாவை எடுத்து மூடியைப் போட்டுப் போட்டுக் கழற்றினார்.

சாப்பாட்டு நேரத்தில் பதிவேட்டை எடுத்து, பழைய வரிக்குக் கீழே உண்மையான மணியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 

ஏப்ரல் 6, திங்கள்

சூப்பர்வைசர் வேலை போய்விட்டது. செக்கிங் மேசையில் உட்காரச் சொன்னார்கள். வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள், வெளியே போய்ப் பேசுவேனோ என்று பயம் போலிருக்கிறது. படத்தையும் கழற்றிவிட்டார்கள். மேசையில் காலியாக இருந்த ஒரே நாற்காலி ரேடியோவுடையது. அதில் என்னால் உட்கார முடியவில்லை. மாலை வரை நின்றுகொண்டே பிசிறு வெட்டினேன். "காலு வீங்கிடும், உக்காருங்க" என்று, அன்றைக்குப் போன் பண்ணலாமா எனக் கேட்டவள் சொன்னாள். அக்கா என்று சேர்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கும் பங்கு இருக்கு. நானே பண்ணியிருக்கலாம்ல? என்கிட்ட போன் இருந்துச்சு" என்றாள். பாவி நான், அவளுக்கும் இந்தப் பாரத்தை ஏற்றிவிட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஐந்தாவது வகுப்பு. தொண்டையில் அடைத்தால் முதுகில் ஐந்து தட்டு, வயிற்றில் ஐந்து அழுத்து. மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பது. ஆம்புலன்ஸ் பெண்ணிடம் எங்கே வேலை என்பதையும், எதற்காக வருகிறேன் என்பதையும் இன்று சொல்லிவிட்டேன். "அடுத்த வாரம் முன் வரிசைல உக்காருங்க, பின்னாடி உக்காந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டா கை வெக்கிற இடம் தெரியாது" என்றாள்.

மே 12, செவ்வாய்

இஸ்திரி மேசையில் ஒருத்தி முழங்கை வரை ஆவியில் வெந்துவிட்டாள். புதுச் சூப்பர்வைசர் களிம்பு தேடினார். நான் யாரையும் கேட்காமல் அவளை இழுத்துக்கொண்டு போய்க் குழாயில் கையைக் காட்ட வைத்தேன். ஐந்து நிமிடத்தில், "போதும், வாங்க" என்றார். "இன்னும் பதினைந்து இருக்கு" என்றேன். மேனேஜர் வந்தார், கத்தினார். மேசையில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இருபதும் முடிந்த பிறகுதான் விட்டேன். ஆஸ்பத்திரிக்கும் அனுப்ப வைத்தேன்.

இது எதற்கும் ஈடில்லை என்று எனக்குத் தெரியும். சந்தோஷப்பட்டுவிடக் கூடாது என்று பஸ் முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 5, வெள்ளி

வேலை விட்டு வந்தபோது கம்பெனி வாசலுக்கு எதிர்ப்புறம் பூட்டுக்காரர் நின்றிருந்தார். அவரே தெருவைத் தாண்டி வந்தார். முகத்தைப் பார்க்காமல், மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பிக்கிற மாதிரி பேசினார்.

"ஒரு தரம் வந்தவங்களுக்கு மறுபடி வரலாம்னு டாக்டர் சொல்றார். வந்தா என்ன செய்யணும்னு வீட்ல யாருக்கும் தெரியல. கத்துக்கணும்."

ஞாயிறு வகுப்பு இருக்கிறது, மிக நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள் ஒரு பெண் என்று இடத்தைச் சொன்னேன்.

"அதை நானும் சொன்னேன். அவ ஒத்துக்கல. இடது கையால எழுதிக் காட்டினா, உங்ககிட்டதான் கத்துக்கணுமாம்." திரும்பிப் போகக் காலெடுத்தவர் நின்றார். "நீங்கதான் மறக்க மாட்டீங்களாம்."

ஜூன் 7, ஞாயிறு

போனேன். இரண்டு அறை வீடு, சுவர் முழுக்கச் சாவிகள். ரேடியோ ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "மன்னிச்சுக்கோடி" என்று மட்டும் வந்தது. அவள் இடது கையால் தன் வீட்டுக்காரரைக் காட்டினாள். வேலையை ஆரம்பி என்று.

சிரிக்கச் சொல்வது, கை தூக்கச் சொல்வது, பேசச் சொல்வது. அவளுக்கு ஏற்கனவே ஒரு பக்கம் கோணியிருப்பதால், இப்போது எப்படி இருக்கிறது என்று தினமும் பார்த்து வைத்துக்கொண்டால்தான் மாற்றம் தெரியும் என்றேன். அவர் அவள் முன்னால் உட்கார்ந்து, முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். மணியைப் பார்த்துக் காகிதத்தில் எழுத வைத்தேன். போனில் என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று முறை சொல்ல வைத்தேன். வாங்கிக்கொண்டு போன ரத்த அழுத்தக் கருவியைக் கையில் சுற்றக் காட்டினேன். இந்த இரண்டு மாதத்தில் அது எனக்கு நன்றாகக் கைவந்துவிட்டது.

மார்பு அழுத்துவதற்குப் பொம்மை இல்லை, தலையணையை வைத்தோம். பூட்டுக்காரருக்கு இரும்பு பிடித்த கை. பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினார். தரையே அதிர்ந்தது.

"மெது...வா" என்றாள் ரேடியோ. நாங்கள் திரும்பிப் பார்த்தோம். ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள். "தலை...காணி... பா...வம்."

அவர் தலையணை மேல் கையை வைத்தபடியே சிரித்தார், சிரிப்பு அழுகையாகிவிட்டது. நான் சுவரிலிருந்த சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி முட்டி போட்டார். முப்பது வரை எண்ணினார், நடுவில் பதினெட்டு விட்டுப்போனது. ரேடியோதான் விரலைத் தூக்கி, ஒன்று விட்டுப்போனதைக் காட்டினாள்.

வாசல் வரை அவர் வந்தார். "வியாழக்கிழமை வருவீங்களா? எனக்கு இன்னும் எண்ணிக்கை சரியா வரல" என்றார்.

வியாழன் இரண்டாவது ஷிப்டு. மாற்றித் தரச் சொல்லிக் காலையிலேயே கேட்க வேண்டும்.